பித்தும் மருந்தும் – 17: தனி வாசல்

சென்ற வாரக் கட்டுரை வெளியான நாலாம் நாள் வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. போன வருஷம் அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் காலை காபி டம்ளரைப் பிடித்திருந்த வலது கை திடீரென்று மரத்துப்போயிருக்கிறது. நாக்கும் குழறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த நரம்பியல் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் பெயருக்குப் பின்னால் எம்.டி. இல்லை, டி.ஓ. என்று தைத்திருந்தது. சுகமாகி வீடு திரும்பியதும் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, அவர் அசல் டாக்டர்தானா?" என்று கேட்டாராம். மகனுக்கும் பதில் தெரியவில்லை. "1934இல் அமெரிக்க மனநல, நரம்பியல் மருத்துவர்கள் தங்களுக்கென்று வாரியம் அமைத்துத் தேர்வு வைத்த கதையை எழுதினீர்களே, அதில் இந்த டி.ஓ.க்கள் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. அன்று அந்த வாரியத்தில் அவர்கள் இல்லை. ஏன் இல்லை, இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் எழுத்துக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் மேற்கொண்டு படிப்பது எம்.டி. அமெரிக்காவில் எம்.டி. என்பதே அடிப்படை மருத்துவப் பட்டம். அதற்கு இணையான இன்னொரு அடிப்படைப் பட்டம்தான் டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். இங்கிலாந்தில் ஆஸ்டியோபாத் என்றால் முதுகைப் பிடித்துவிடுகிறவர். அவர் மருந்து எழுத முடியாது. அமெரிக்க டி.ஓ. அப்படியல்ல. மருந்து எழுதலாம், அறுவைக் கத்தி பிடிக்கலாம், பைத்தியம் பிடித்தவர் என்று ஒருவருக்குச் சான்றும் கொடுக்கலாம். பட்டத்துக்குப் பிறகு ரெசிடென்சி என்ற பயிற்சிக் காலம். மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் நாலு வருஷம். அதன்பின் சிறப்பு வாரியத்தின் தேர்வு. மருத்துவம் பார்க்க உரிமம் தருவது மாநில அரசு. வாரியச் சான்று என்பது தொழில்காரர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட முத்திரை. சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேட்கும். ஆகவே கேட்காதது மாதிரி கேட்கப்படும் கட்டாயம் அது.

இனி கதைக்கு வருவோம். 1864ஆம் ஆண்டு, கான்சஸ். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற நாட்டுப்புற டாக்டரின் வீட்டில் மூளைக்காய்ச்சல் புகுந்தது. மூன்று குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. ஸ்டில் மருத்துவம் கற்றது அப்பாவிடம். அப்பா மெதடிஸ்ட் போதகர், கூடவே வைத்தியர். அந்தக் காலத்தில் கையில் இருந்த மருந்துகள் என்ன? பாதரசக் கலவை, அபின், சாராயம். சிகிச்சைக்கு வந்த டாக்டர்களின் அக்கறையை ஸ்டில் பிற்காலத்தில் குறைசொல்லவில்லை. அவர்கள் பையிலிருந்த மருந்தைத்தான் சபித்தார். கடவுள் மனித உடலைச் செய்யும்போது அதற்குள்ளேயே மருந்துக்கடையையும் வைத்திருப்பார், எலும்பும் தசையும் இடம் பிசகி ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் அடைப்பதால்தான் அந்தக் கடை மூடிக்கிடக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1874 ஜூன் 22 அன்று காலை பத்து மணிக்குத் தமக்கு இது புலப்பட்டதாக நேரம் குறித்தே எழுதி வைத்திருக்கிறார். ஞானம் வந்த மணி நேரத்தைக் குறித்து வைத்திருப்பவர்களைப் பொதுவாக நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆனால் மூன்று குழந்தைகளைப் புதைத்தவன் பாதரசத்தின் மேல் கொண்ட கோபத்தில் நியாயம் இருந்தது. அன்றைய மருந்துகளில் பாதி, நோயைவிட வேகமாக வேலை செய்தவை.

ஸ்டில் ஊர் ஊராகப் போய் சுளுக்கு எடுத்தார். 'மின்னல் வேக எலும்பு வைத்தியர்' என்று தம்மை விளம்பரப்படுத்திக்கொண்டார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் கல்லூரி திறந்தார். அங்கே உடற்கூறியல் கற்பித்தவர் எடின்பரோவில் படித்த வில்லியம் ஸ்மித் என்ற டாக்டர். மருத்துவக் கருவிகள் விற்க வந்த இடத்தில் ஸ்டில்லைப் பார்த்துப் பேசி, அங்கேயே தங்கிவிட்டவர். எம்.டி. பட்டம் கொடுக்கவே அந்தக் கல்லூரிக்கு உரிமை இருந்தது. ஸ்டில் வேண்டாமென்று டி.ஓ. என்ற எழுத்துகளைத் தேர்ந்தார். அந்த ஓர் எழுத்து மாற்றத்துக்கு அவருடைய வாரிசுகள் அடுத்த நூறு வருஷம் வட்டி கட்டினார்கள்.

இந்த இடத்தில் எதிர்பாராத ஒருவர் கதைக்குள் வருகிறார். கிர்க்ஸ்வில் இருக்கும் அதே வட மிசௌரியின் ஹானிபல் ஊர்க்காரர், மார்க் ட்வெயின். அவருடைய மூத்த மகள் சூசி 1896இல் இறந்தாள். ஸ்டில்லின் குழந்தைகளைக் கொன்ற அதே மூளைக்காய்ச்சல். இளைய மகள் ஜீனுக்கு அதே ஆண்டில் வலிப்பு தொடங்கியிருந்தது. அக்காலத்தில் வலிப்புக்குக் கிடைத்தது புரோமைடு உப்பு, குழந்தை மந்தமாகிவிடும். ட்வெயின் குடும்பத்தோடு ஸ்வீடன் போய் கெல்கிரன் என்பவரின் உடலியக்க சிகிச்சையை எடுத்துப் பார்த்தார். நியூயார்க் திரும்பியபின் ஆஸ்டியோபாத் ஒருவரிடம் மகளைக் காட்டினார். 1901 பிப்ரவரி 27 அன்று நியூயார்க் சட்டமன்றக் குழுவின் முன் ஆஜராகி, ஆஸ்டியோபாத்துகளுக்கு உரிமம் தர வேண்டும் என்று பேசினார். அவர்கள் சொல்வதெல்லாம் உண்மை என்று அவர் வாதாடவில்லை. என் உடம்பு என்னுடையது, அதை யாரிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது என்பது என் இஷ்டம் என்ற தோரணையில் சிரிக்கவைத்துப் பேசினார். நியூயார்க் உரிமம் தந்தது 1907இல். ஜீனுக்குக் குணமாகவில்லை. 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குளியல் தொட்டியில் வலிப்பு வந்து இறந்தாள். நரம்பு நோய் விஷயத்தில் அன்று எந்தப் பட்டக்காரரிடமும் பெரிதாக எதுவும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே வருவதைப் படிக்க வேண்டும்.

கிர்க்ஸ்வில்லிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தெற்கே மேக்கன் என்றொரு ஊர். பிளீஸ் என்ற பணக்காரக் கர்னல் அங்கே பெரிய செங்கல் கட்டடத்தில் ராணுவப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர் 1906இல் இறந்ததும் பள்ளி தள்ளாடி மூடப்பட்டது. காலியாகக் கிடந்த அந்தக் கட்டடத்தில் 1914இல் ஸ்டில்லின் இரண்டு மகன்களும், அவருடைய முதல் மாணவர் கூட்டத்தில் ஒருவரான ஆர்தர் ஹில்ட்ரெத்தும் சேர்ந்து ஒரு மனநோய் மருத்துவமனை திறந்தார்கள். பெயர் ஸ்டில்-ஹில்ட்ரெத் சானட்டோரியம். பயிற்சித் திடலில் அணிவகுத்த பையன்களின் இடத்தில் இப்போது தங்களுக்குள் பேசிக்கொண்டு நடந்தவர்கள்.

மேக்கனின் கொள்கை எளிது. மனநோய் என்பது உடல்நோயின் ஒரு முகம். கழுத்து எலும்பிலோ முதுகெலும்பிலோ எங்கோ ஒரு பிசகு. அது மூளைக்குப் போகும் ரத்தத்தையும் நரம்பையும் தொந்தரவு செய்கிறது. கையால் சரிசெய்தால் மனமும் தெளியும். நோயாளியை மேசையில் படுக்கவைத்து, கழுத்தில் தொடங்கி இடுப்புவரை ஒவ்வொரு கணுவாக விரலால் தடவி, இறுக்கம் இருக்கும் இடத்தில் அழுத்தித் தளர்த்துவார்கள். கூடவே நல்ல சாப்பாடு, குளியல், திறந்தவெளி, ஓய்வு. இன்று ஸ்கிட்சோஃப்ரீனியா என்று சொல்லப்படும் நோய்க்கு அன்றைய பெயர் டிமென்ஷியா பிரீகாக்ஸ். தேறாது என்று கைவிடப்பட்ட நோய். அதில்கூடப் பலரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியதாக ஹில்ட்ரெத் எழுதினார்.

நம்பலாமா? அவருடைய நேர்மையை நம்பலாம். கணக்கை நம்ப முடியாது. சிகிச்சை தராத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பணம் கட்டித் தனியார் மருத்துவமனைக்கு வரும் நோயாளி, அரசு விடுதியில் பத்து வருஷமாகக் கிடப்பவரைவிடச் சீக்கிரமாகவும் லேசான நிலையிலும் வருகிறார். தானாகவே தெளிகிறவர்களும் உண்டு. எல்லா வரவும் முதுகெலும்பின் கணக்கில் ஏறிவிட்டது.

ஆனால் அதே ஆண்டுகளில் எம்.டி.க்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நியூஜெர்சியின் டிரென்டன் மனநோய் மருத்துவமனையில் ஹென்றி காட்டன், பைத்தியத்துக்குக் காரணம் உடலுக்குள் ஒளிந்திருக்கும் சீழ் என்று சொல்லி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார்; போதவில்லை என்றால் தொண்டைச் சதை, பெருங்குடல். பலர் மேசையிலும் அதற்குப் பின்னும் செத்தார்கள். வியன்னாவில் வாக்னர்-யாரெக் மலேரியாக் காய்ச்சலை வரவழைத்து, மூளையைத் தாக்கிய சிஃபிலிஸை எரித்தார்; 1927இல் நோபல் பரிசு. 1930களில் இன்சுலின் மயக்கம், மருந்தால் வலிப்பு, அப்புறம் மின்சாரத்தால் வலிப்பு. அந்தக் காலத்தில் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ மனம் பிறழ்ந்து எங்காவது சேர்க்க வேண்டியிருந்தால், டிரென்டனின் பல் பிடுங்கும் குறட்டைவிட மேக்கனின் மேசையைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். குணமாகியிருக்குமா தெரியாது; பல்லும் குடலும் மிஞ்சியிருக்கும்.

இப்போது சென்ற வாரக் கதையோடு முடிச்சு போடலாம். அமெரிக்காவில் முதல் சிறப்பு வாரியம் அமைத்தவர்கள் கண் டாக்டர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில். 1934இல் மனநலக்காரர்களும் நரம்பியல்காரர்களும் சேர்ந்து அமைத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. ஒருவர் சுத்தியலால் முழங்காலைத் தட்டுகிறவர், இன்னொருவர் கனவைக் கேட்கிறவர். ஒரே கூரை, இரண்டு அடுப்பு என்ற ஏற்பாடு. சான்று தனித்தனி, ஆனால் மனநலத்துக்கு வருகிறவர் நரம்பியல் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், நரம்பியலுக்கு வருகிறவர் மனநலத்துக்கும். 1935இல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் தேர்வு. வாரியத்தின் செயலாளர் வால்டர் ஃப்ரீமன். அடுத்த ஆண்டு, 1936 செப்டம்பரில், ஜேம்ஸ் வாட்ஸ் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து அமெரிக்காவின் முதல் லோபாட்டமியைச் செய்த அதே ஃப்ரீமன். பிறகு வாட்ஸும் வேண்டாமென்று, ஐஸ் உடைக்கும் கம்பி போன்ற ஒன்றைக் கண்ணுக்கு மேலாகச் செலுத்தி மூளையின் முன்பகுதியை அறுத்தார். அவர் அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்றவரே அல்லர்.

தரக் காப்பாளர் நாற்காலியில் இவர் இருந்தார். வாசலில் நின்ற டி.ஓ.க்களுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வைத்த பெயர் 'கல்ட்', அதாவது மூடநம்பிக்கைக் கூட்டம். அவர்களோடு சேர்ந்து நோயாளியைப் பார்ப்பதும் அவர்கள் கல்லூரியில் பாடம் எடுப்பதும் ஒழுக்கக்கேடு என்று சங்கத்தின் விதி. எம்.டி. ஆஸ்பத்திரியில் பயிற்சி இல்லை; பயிற்சி இல்லாமல் வாரியத் தேர்வு இல்லை; தேர்வு இல்லாமல் நிபுணர் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தாலும் அதே சுவர்.

அந்த விலக்கலுக்கு நியாயமே இல்லை என்று சொன்னால் அது பொய். 1910இல் ஃப்ளெக்ஸ்னர் மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய புகழ்பெற்ற அறிக்கை ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் எட்டையும் வறுத்தெடுத்தது. ஆய்வுக்கூடம் இல்லை, நோயாளிகள் போதவில்லை, காசு வாங்கிக்கொண்டு யாரை வேண்டுமானாலும் சேர்த்தார்கள் என்ற புகார்கள் பெரும்பாலும் சரி. ஆனால் அறிக்கைக்குப் பிறகு அவர்கள் மாறினார்கள். ஸ்டில் 1917இல் இறந்தார். 1929 வாக்கில் அவர் சபித்த மருந்துகளே பாடத்திட்டத்துக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்துவிட்டன. இந்த மாற்றத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பார்க்க விரும்பவில்லை.

உள்ளே விடாத வீட்டுக்குப் பக்கத்திலேயே இவர்கள் இன்னொரு வீடு கட்டினார்கள். 1939இல் ஆஸ்டியோபதி நிபுணர்களுக்கான ஆலோசனை வாரியம். அதே ஆண்டில் முதல் சிறப்பு வாரியமாகக் கதிரியக்கத் துறை. 1941இல் நரம்பியலுக்கும் மனநலத்துக்குமான ஆஸ்டியோபதி வாரியம். கதிரியக்கத்துக்கு முதலிடம் கிடைத்ததில் ஆச்சரியமில்லை, எலும்பைப் பார்க்கும் தொழில். நரம்பும் மனமும் இரண்டு வருஷத்திலேயே பின்தொடர்ந்ததற்கு மேக்கனும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சொந்தத்தில் ஒரு மனநோய் மருத்துவமனையை நடத்திப் பழகியவர்களுக்கு நிபுணர் யார் என்ற கேள்வி முன்பே வந்திருக்கும்.

புது வீட்டின் வரைபடத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் இருந்த அதே இரண்டு அடுப்பு, ஒரே கூரை. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, நோயாளியை வைத்துச் சோதனை, எல்லாமே அங்கே இருந்த மாதிரிதான். கழுத்தெலும்பு மனத்தைப் பாதிக்கும் என்ற நம்பிக்கையில் பிறந்த கூட்டம், தன் நிபுணரைச் சோதிக்கும்போது கேட்ட கேள்விகள் பெரும்பாலும் எதிராளியின் பாடநூலிலிருந்து வந்தவை. கண்ணில் படும் ஒரே வித்தியாசம் பெயரில் இருக்கிறது. எம்.டி. வாரியத்தின் பெயரில் சைக்கியாட்ரி முன்னால், நியூராலஜி பின்னால். டி.ஓ. வாரியத்தின் பெயரில் நியூராலஜி முன்னால், சைக்கியாட்ரி பின்னால். யாரும் யோசித்துச் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மனத்தின் கோளாறை நரம்பின் கோளாறாகப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசை பொருந்தித்தான் இருக்கிறது.

இன்னொரு வித்தியாசம் கண்ணில் படாதது. பின்னால் வழக்குக்கே இட்டுச் சென்றது. எம்.டி. வாரியம் தனித்து நிற்கும் அமைப்பு. மருத்துவச் சங்கத்தில் நீங்கள் உறுப்பினரா என்று அது கேட்காது. டி.ஓ. வாரியம் தேர்வு மட்டும்தான் வைக்கும். சான்றைக் கொடுப்பது அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கம். முற்றுகைக்கு நடுவே கட்டிய வீடு என்பதால் சாவி சங்கத்தின் கையில் இருந்தது.

வாரியம் பிறந்த ஆண்டின் டிசம்பரில் பேர்ல் ஹார்பர். போருக்கு ராணுவம் லட்சக்கணக்கில் ஆள் எடுத்தது. மனம் உடைந்து திரும்புகிறவர்களும் ஆயிரக்கணக்கில். மனநல மருத்துவர்கள் போதவில்லை. சாதாரண டாக்டர்களைப் பிடித்து மூன்று மாதப் பயிற்சி கொடுத்து மனநல மருத்துவராக்கிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 'தொண்ணூறு நாள் அதிசயங்கள்' என்று கேலிப் பெயர். அதே நேரத்தில் அதே நாட்டில் வாரியச் சான்று பெற்ற டி.ஓ. மனநல மருத்துவர்கள் இருந்தார்கள். ராணுவ மருத்துவப் பிரிவு அவர்களை அதிகாரியாக ஏற்கவில்லை. அதில் அவர்களுக்கு விளைந்தது நன்மைதான். எம்.டி.க்கள் சீருடை போட்டுக்கொண்டு கப்பலேறிவிட, ஊரில் மிஞ்சிய நோயாளிகள் வேறு வழியில்லாமல் டி.ஓ.விடம் வந்தார்கள். வந்தவர்கள் போர் முடிந்த பிறகும் பழைய டாக்டரிடம் திரும்பவில்லை. ராணுவத்தில் முதல் டி.ஓ. மருத்துவ அதிகாரி சேர்ந்தது 1966இல், வியட்நாம் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது.

போர் முடிந்த வருஷங்களில் கிர்க்ஸ்வில்லில் கொஞ்சம் அசலான விஞ்ஞானமும் நடந்தது. டென்ஸ்லோ என்ற டி.ஓ.வும், இர்வின் கார் என்ற உடலியல் விஞ்ஞானியும் முதுகுத் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தார்கள். தடவும்போது இறுகித் தெரியும் இடங்களில், மற்ற இடங்களைவிடக் குறைந்த அழுத்தத்துக்கே தசை துள்ளியது. தண்டுவடத்தின் அந்தக் கணு ஏற்கனவே பாதி விழித்துக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். கைவைத்தியர் விரல் நுனியில் உணர்ந்ததற்கு ஒரு வரைபடக் கோடு கிடைத்தது. அங்கிருந்து மனநோய்வரை பாலம் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி, பாலம் கட்டப்படவில்லை. அதற்குள் 1954இல் குளோர்புரோமசின் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டது. டி.ஓ., எம்.டி. இருவரும் ஒரே மாத்திரையை ஒரே அளவில் எழுதத் தொடங்கினார்கள். மேக்கனின் மேசைக்கு வேலை குறைந்தது.

1950களின் நடுவில் மருத்துவச் சங்கமே ஜான் கிளைன் தலைமையில் ஒரு குழுவை ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. இவர்கள் மூடநம்பிக்கைக் கூட்டம் அல்ல என்று குழுவின் பெரும்பான்மை எழுதிக் கொடுத்தது. சங்கப் பிரதிநிதிகள் சபை 1955இல் அந்த அறிக்கையைத் தள்ளிவிட்டது. தாங்களே அனுப்பிய ஆள் கொண்டுவந்த செய்தியைத் தாங்களே கேட்க மறுத்த கதை.

பிறகு கலிஃபோர்னியாவில் வேறு ஓர் உத்தி கையாளப்பட்டது. விரட்ட முடியாதவர்களை விழுங்கிவிடுவது. 1962இல் அந்த மாநிலத்து டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டினால் எம்.டி. பட்டம் தரப்படும் என்று ஏற்பாடு; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கிக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ஆஸ்டியோபதிக் கல்லூரி ஒரே இரவில் எம்.டி. கல்லூரியானது, இன்று அது அர்வைன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி. அந்த ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு நடத்திப் புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் தருவதையும் நிறுத்தினார்கள். நேற்றுவரை மூடநம்பிக்கைக்காரர், இன்று 65 டாலருக்கு விஞ்ஞானி. இடையில் அவர் ஒரு பாடமும் புதிதாகப் படிக்கவில்லை. முன்பு சொன்ன குற்றச்சாட்டின் மதிப்பு என்ன என்பதை அந்த ரசீதே சொல்லிவிட்டது. மற்ற மாநிலங்களின் டி.ஓ.க்கள் இதைக் கண்டு பயந்து, முன்னிலும் இறுக்கமாகத் தங்கள் வாரியங்களைப் பிடித்துக்கொண்டார்கள். 1974இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தலையிட்டு டி.ஓ. உரிமத்தை மீட்டுக் கொடுத்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, கடைசி மாநிலமாக மிசிசிப்பியும் முழு உரிமை தந்திருந்தது.

1969 வாக்கில் மருத்துவச் சங்கம் டி.ஓ.க்களை உறுப்பினராக ஏற்றது, எம்.டி. ரெசிடென்சிகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. சுவர் எம்.டி. பக்கத்திலிருந்து இடிந்ததும் டி.ஓ. பக்கத்துக்காரர்கள் சில செங்கல்லை எடுத்து அடுக்கியது அடுத்த வேடிக்கை. டி.ஓ. படித்த பெண் ஒருத்தி எம்.டி. ஆஸ்பத்திரியில் மனநல ரெசிடென்சி முடித்து, எம்.டி. வாரியத் தேர்விலும் தேறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விஷயம்தானே? ஆனால் ஆஸ்டியோபதி சங்கம் ஒப்புக்கொண்ட முதலாண்டு இன்டர்ன்ஷிப்பை அவள் செய்திருக்காவிட்டால் மிச்சிகன், பென்சில்வேனியா, ஃப்ளோரிடா, ஒக்லஹோமா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களில் அன்று உரிமம் கிடைத்திருக்காது. மனநலம் படிக்கப் போகிறவள் ஒரு வருஷம் பிரசவ வார்டிலும் அறுவை வார்டிலும் சுற்றிவிட்டு வர வேண்டியிருந்தது. 2000இல் ஒரு தீர்மானம் போட்டு, தக்க காரணம் காட்டினால் விதிவிலக்கு என்று வழி செய்தார்கள். நரம்பியலில் ஆஸ்டியோபதி ரெசிடென்சி இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. ஆகவே பெரும்பாலோர் எம்.டி. பக்கமே போனார்கள், போனவர்கள் அங்கேயே தேர்வும் எழுதினார்கள். அந்தத் தேர்வில் பல பத்தாண்டுகள் ஒரு பகுதி இருந்தது, நினைத்தாலே வியர்க்கும். முன்பின் தெரியாத நோயாளி ஒருவர் எதிரில். அரை மணி நேரம் அவரோடு பேச வேண்டும். இரண்டு தேர்வாளர்கள் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். நோயாளி வாயைத் திறக்காவிட்டாலும், திறந்த வாயை மூடாவிட்டாலும் கடிகாரம் நிற்காது. அப்புறம் இன்னோர் அரை மணி நேரம் கேள்விகள். அந்த அறையில் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து என்பது யாருக்கும் நினைவிருந்திருக்காது.

2014இல் இரு தரப்பும் கையெழுத்திட்டன. எல்லா ரெசிடென்சிகளும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வரும்; 2015இல் தொடங்கி 2020 ஜூனோடு மாற்றம் முடியும் என்று ஏற்பாடு. முடிந்தது. பயிற்சி ஒன்றானது, தேர்வு வாரியங்கள் மட்டும் இரண்டாகவே நின்றன. 2016இல் டி.ஓ.க்கள் சிலர் தங்கள் சங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். சான்றைத் தக்கவைக்க ஆண்டுதோறும் சங்கச் சந்தா கட்ட வேண்டுமென்ற விதி எதற்கு, தேர்வில் தேறியது நாங்கள்தானே என்பது அவர்கள் வாதம். 2018இல் சமரசம்; அந்த விதி போயிற்று. முற்றுகைக் காலத்துச் சாவி இப்படித்தான் கைமாறியது. இப்போது டி.ஓ. வாரியங்கள் எம்.டி.க்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. எத்தனை பேர் வருவார்கள் என்பது வேறு விஷயம். இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிக்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் டி.ஓ. மாணவர். தனி வாரியம் தேவைப்பட்ட காலத்தில் அவர்கள் கொஞ்சம் பேர். கூட்டம் பெருகிய காலத்தில் பெரிய வாசல் திறந்துவிட்டது.

கடிதம் எழுதிய வாசகருக்கு: உங்களைப் பார்த்தவர் அசல் டாக்டர்தான். எந்தத் தேர்வு எழுதினார் என்று தெரிய ஆசையிருந்தால் அடுத்த முறை அவர் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழைப் பாருங்கள். வாரியத்தின் பெயரில் நியூராலஜி முன்னால் இருந்தால் 1941இல் கட்டிய வீடு, சைக்கியாட்ரி முன்னால் இருந்தால் 1934இல் கட்டியது. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பெரும்பாலான டி.ஓ.க்கள் இப்போது கைவைத்தியம் செய்வதே அபூர்வம் என்கிறார்கள். சோதிக்கும்போது உங்கள் முதுகைத் தொட்டுப் பார்த்தாரா என்பதையும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.

(தொடரும்)